முன் டயர் தேய்ந்தது, பின் அச்சு நகர்ந்திருந்தது

என் பிக்கப் வண்டிக்கு ஆவணியில் போட்ட முன் டயர் இரண்டும் தை பிறப்பதற்குள் உள்பக்கம் வழுவழுவென்று ஆகிவிட்டன. ஓடியது வெறும் 9,000 கிலோமீட்டர். வெளிப்பக்கத்துப் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள், கடையிலிருந்து வந்தபடியே நிற்கிறது; உள்பக்கம் மூன்று விரல் அகலத்துக்கு ஒன்றும் இல்லை. நின்றுகொண்டு பார்த்தால் கண்ணில் படாத இடம் அது. பஞ்சருக்குக் கழற்றிய அன்றுதான் தெரிந்தது. இடப்பக்க டயரில் ஓர் இடத்தில் கம்பியே எட்டிப் பார்த்தது. முந்தின வாரம் அந்த டயரோடுதான் ஒட்டன்சத்திரத்திலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போய் வந்திருந்தேன். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

வண்டி ஒன்றரை டன் பிக்கப். முன்னால் இரண்டு பக்கமும் சக்கரத்தைத் தாங்கத் தனித்தனியாக மேல் ஆர்ம், லோயர் ஆர்ம். பின்னால் ஒரே அச்சு, பட்டை ஸ்பிரிங். டயர் 215/75 ஆர்15. ஆடி மாதம் ஒரு பட்டறையில் பின்பக்கம் இரண்டு ஸ்பிரிங்குக்கும் ஒவ்வொரு பட்டை கூடுதலாகப் போட்டிருந்தேன். லோடு ஏற்றினால் பின்பக்கம் ரொம்ப உட்காருகிறது என்பதால் செய்தது. இந்தத் தகவலை நானே மறந்திருந்தேன். கடைசியில் எல்லாம் அங்கேதான் போய் நின்றது.

ஆவணியில் புது டயர் போட்ட கையோடு, சக்கரங்கள் சரியான கோணத்தில் நிற்கின்றனவா என்று மெஷினில் அலைன்மென்ட்டும் பார்த்தேன். திரையில் எல்லாம் பச்சையாகக் காட்டியது. ஆனால் சாலைக்கு வந்ததும் ஸ்டியரிங் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. கடிகாரத்தில் சின்ன முள் பன்னிரண்டிலிருந்து பதினொன்றரைக்குப் போனால் எப்படியோ அந்த அளவு. திரும்பப் போய்ச் சொன்னேன். அங்கிருந்த பையன் வண்டியை மறுபடி மெஷினில் ஏற்றவில்லை. அடியில் குனிந்து, ஸ்டியரிங்கோடு சக்கரத்தை இணைக்கும் கம்பியான டை ராடை இடப்பக்கம் மட்டும் ஒரு சுற்று திருப்பினான். ஸ்டியரிங் கோணல் பாதி குறைந்தது. நானும் "சரி, இது போதும்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். டயரைத் தின்றது அந்த ஒரு சுற்றுதான் என்பது ஐந்து மாதம் கழித்துத்தான் புரிந்தது.

ஸ்டியரிங் கோணலாக நின்றால் அதை நேராக்க ஒரு பக்க டை ராடைக் கூட்டும்போது மறுபக்கத்தை அதே அளவு குறைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் இரண்டு சக்கரத்துக்கும் இடையே உள்ள கோணம் மாறிவிடும். ஆள் நிற்கும்போது பாதம் உள்பக்கம் பார்த்தால் டோ இன், வெளிப்பக்கம் பார்த்தால் டோ அவுட். என் வண்டி அந்தச் சுற்றுக்குப் பிறகு பாதத்தை விரித்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

இதைக் கையாலேயே தெரிந்துகொள்ளலாம். டயரின் பட்டன் மேல் உள்ளங்கையை வைத்து வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாகத் தடவினேன். ரம்பத்தின் பல்லைத் தடவிய மாதிரி ஒவ்வொரு பட்டனும் கையில் தட்டியது. உள்ளிருந்து வெளியே தடவினால் வழுக்கிக்கொண்டு போனது. இப்படி இருந்தால் டோ அவுட். வெளியே தடவும்போது தட்டினால் டோ இன் அதிகம். டயர் மொட்டையாவதற்கு வெகு நாள் முன்னாலேயே இந்த ரம்பப்பல் வந்துவிடும். மாதம் ஒரு முறை தடவிப் பார்த்திருந்தால் இரண்டு டயரும் பிழைத்திருக்கும்.

அக்கா மகன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். டயரைக் காட்டினேன். புது டயர் வாங்கலாம், வேறு கடையில் அலைன்மென்ட் பார்க்கலாம் என்பது என் யோசனை. அவன் கேட்டது வேறு கேள்வி.

"மாமா, முதல்ல ஸ்டியரிங் ஏன் கோணிச்சு? மெஷின்ல நேரா வச்சுத்தானே அனுப்புனாங்க?"

யோசித்தால் நியாயமான கேள்வி. நம் ஊர்ச் சாலை தண்ணீர் வடிய இடப்பக்க ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். வண்டி தானாகவே கொஞ்சம் இடப்பக்கம் போகப் பார்க்கும். ஓட்டுகிறவர் வலப்பக்கம் சற்றுப் பிடித்து ஓட்டுவது இயல்பு. என் வண்டிக்கோ இடப்பக்கம் திருப்பிப் பிடித்தால்தான் நேராகப் போகும். அப்படியானால் எதுவோ வண்டியை வலப்பக்கம் தள்ளுகிறது. முன்பக்கம் மெஷின் பார்த்து வைத்தது. மிச்சம் பின்பக்கம்.

எங்கள் ஊரில் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் ஒன்று இருக்கிறது. காலை வெயில் ஏறுவதற்கு முன் அங்கே வண்டியைக் கொண்டுபோனோம். களத்தின் ஒரு முனையில் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றி, நான்கு சக்கரத்தையும் அதில் நனைத்து, காய்ந்த தரையில் பத்து மீட்டர் நேராக, மெதுவாக ஓட்டினேன். இறங்கிப் பார்த்தால் தரையில் ஈரக்கோடுகள். நேராகப் போகும் வண்டியில் பின்சக்கரத் தடம் முன்சக்கரத் தடத்தின் மேலேயே விழ வேண்டும். முன்னும் பின்னும் அகலம் சற்று வித்தியாசப்பட்டாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வித்தியாசப்பட வேண்டும். இங்கே இடப்பக்கம் பின்தடம் முன்தடத்துக்கு வெளியே இரண்டு விரற்கடை தள்ளி விழுந்திருந்தது. வலப்பக்கம் அதே இரண்டு விரற்கடை உள்ளே. வண்டியின் பின்பகுதி இடப்பக்கம் ஒதுங்கி, நண்டு நடக்கிற மாதிரி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் காய்ந்துபோகிற தடம். அக்கா மகன் அதற்குள் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டான்.

அடுத்து டேப். ஒரு பக்க முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை அளந்தோம். இடப்பக்கம் 17 மி.மீ. கூடுதல். படுத்துக்கொண்டு உள்ளே போய், பின் ஸ்பிரிங்கின் முன்நுனி வளையத்தில் உள்ள போல்ட்டிலிருந்து அச்சு வரைக்கும் இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்தால் இடப்பக்கம் 12 மி.மீ. பின்னால். ஸ்பிரிங் இரண்டும் சுமார் 1 மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. சக்கரம் அதற்கும் வெளியே. அதனால்தான் ஸ்பிரிங்கில் 12 என்றால் சக்கரத்தில் 17.

டார்ச் அடித்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஸ்பிரிங்கின் அடிப்பட்டையில் எல்லா இடமும் துருவும் சேறும் அப்பியிருக்க, அது உட்காரும் அச்சு மேடையின் முன்விளிம்பை ஒட்டி ஒரு விரல்நக அகலத்துக்கு மட்டும் இரும்பு பளபளவென்று இருந்தது. அச்சு ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக உராய்ந்து பின்னால் நகர்ந்ததன் அடையாளம் அது. சென்டர் போல்ட் ஒடிந்திருக்கிறது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

பட்டைகளை எல்லாம் கோத்துப் பிடிப்பது சென்டர் போல்ட். அதன் தலை அச்சின் மேடையில் உள்ள ஒரு துளைக்குள் உட்கார்ந்து அச்சு இங்கேதான் நிற்க வேண்டும் என்று இடம் காட்டும். ஆனால் பாரத்தையும் பிரேக் இழுவையையும் தாங்குவது அது அல்ல; பட்டைக்கட்டையும் அச்சையும் சேர்த்துக் கவ்வும் யூ வடிவ போல்ட்டுகளின் இறுக்கம்தான் தாங்குகிறது. யூ போல்ட் தளர்ந்தால் மொத்த இழுவையும் சென்டர் போல்ட்டின் கழுத்துக்கு வரும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அறுந்துவிடும். கூடுதல் பட்டை போட்டபோது பழைய யூ போல்ட்டையே மாட்டியிருக்கிறார்கள். புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்கார்ந்த பிறகு திரும்ப இறுக்கவும் இல்லை. இறுக்க வர வேண்டும் என்று அவர்கள் எனக்குச் சொல்லவும் இல்லை.

பின் அச்சு இடப்பக்கம் பார்த்து நின்றதால் வண்டி வலப்பக்கம் திரும்பப் பார்த்தது. அதைச் சமாளிக்க நான் ஸ்டியரிங்கை இடப்பக்கம் பிடித்தேன். முன்சக்கரத்தில் மட்டும் கிளாம்ப் மாட்டிப் பார்த்த மெஷினுக்கு இது தெரிய வழியே இல்லை. பட்டறையில் தளர்ந்த நட்டுக்கு நான் டயர்க் கடையில் காசு கட்டியிருக்கிறேன்.

சரிசெய்வதை நாங்களே செய்தோம். பக்கத்தில் லாரிக்குப் பட்டை கட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். சாமான் வாங்கும்போது அவரைக் கேட்டுக்கொண்டேன். "பழைய யூ போல்ட்ட கழட்டுனா கழட்டுனதுதான் தம்பி, திரும்ப மாட்டாத. அது இழுபட்டுப் போயிருக்கும்" என்றார். நான்கு யூ போல்ட், இரண்டு சென்டர் போல்ட், நட்டுகள் எல்லாம் புதிது. வலப்பக்க சென்டர் போல்ட் ஒடியவில்லை என்றாலும் அதையும் மாற்றினேன். அடி வாங்கிய போல்ட் அதுவும்.

முன்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்து, சேஸிஸைத் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் நிறுத்தினோம். ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. அதற்கு மேலும் பாதுகாப்புக்காகக் கழற்றிய சக்கரத்தைச் சேஸிஸுக்கு அடியில் படுக்கப் போட்டுவிட்டோம். அச்சை டிராலி ஜாக்கியில் ஏந்திக்கொண்டு, ஷாக் அப்ஸார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, இடப்பக்க யூ போல்ட்டை எடுத்து, வலப்பக்கத்தைத் தளர்த்தினோம். அச்சை இறக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சென்டர் போல்ட்டின் தலைத்துண்டு துளைக்குள்ளேயே சிக்கியிருந்தது. பஞ்ச் வைத்துத் தட்டியதும் விழுந்தது. ஒடிந்த முகத்தைப் பார்த்தேன். பாதிக்கு மேல் பழைய துரு நிறம், ஓர் ஓரம் மட்டும் சாம்பல் நிறத்தில் புது முறிவு. ஒரே நாளில் ஒடிந்ததல்ல, பல நாளாக விரிசல் விட்டு ஒடிந்திருக்கிறது. மிச்சத் துண்டை எடுப்பதற்கு முன் பட்டைக்கட்டை இரண்டு பக்கமும் சி கிளாம்ப் போட்டு இறுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பட்டைகள் துள்ளி விரியும், விரல் போய்விடும்.

புது போல்ட்டைக் கோத்தபின் அச்சை 12 மி.மீ. முன்னால் கொண்டுவருவதுதான் பெரிய பாடாக இருந்தது. கடப்பாரை போட்டு நெம்பினால் மசியவில்லை. பிறகு செயின் பிளாக்கை அச்சுக்கும் சேஸிஸுக்கும் மாட்டிப் பல் பல்லாக இழுத்தோம். போல்ட் தலை துளைக்குள் "டொக்" என்று விழுந்த சத்தம் கேட்டதும் பையன் முகத்தில் வந்த சிரிப்பைச் சொல்லி முடியாது. யூ போல்ட்டுகளைக் கோணல்மாணலாக ஒரு பக்கம் மட்டும் இறுக்காமல் குறுக்கு மாறிக் குறுக்காக, நான்கு நுனியிலும் ஒரே அளவு மரை வெளியே தெரியும்படி இறுக்கினோம். சக்கரத்தை மாட்டி வண்டியைத் தரையில் நிறுத்திய பிறகு, பாரம் ஸ்பிரிங்கில் இருக்கும்போது, வண்டியின் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் கடைசி இறுக்கு. திரும்ப டேப் பிடித்தால் இரண்டு பக்கமும் 1 மி.மீ. வித்தியாசத்துக்குள் வந்துவிட்டது.

இனி முன்பக்கம். ஆட்டம் இருக்கிற வண்டிக்கு அலைன்மென்ட் பார்ப்பது வீண். லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினோம். அசைவு இல்லை, பால் ஜாயிண்ட்டும் பேரிங்கும் நல்ல நிலை. பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் இடப்பக்கம் "டக் டக்" என்றது. டை ராடு எண்டு, அதாவது ராடின் நுனி மூட்டு, போயிருந்தது. அதை உடனே மாற்றவில்லை. முதலில் இப்போதைய அளவை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பையன் பிடிவாதமாக நின்றான். அவன் சொன்னது சரி.

அளவு எடுக்க வாங்கியவை அதிகமில்லை. கொத்தனார் நூல், நான்கு இரும்பு ஸ்டாண்டு, தூக்குக்குண்டு, ஸ்டீல் ஸ்கேல், டயரின் விட்டமான 704 மி.மீ. நீளத்துக்கு அறுத்த இரண்டு அலுமினிய சதுரக் குழாய். களத்தின் மட்டத்தை டியூப் லெவல் வைத்துப் பார்த்து, தாழ்ந்த சக்கரத்துக்கு அடியில் பிளைவுட் துண்டு கொடுத்தோம். முன்சக்கரம் தடையில்லாமல் திரும்புவதற்கு இரண்டு தரை டைல்ஸுக்கு நடுவே கிரீஸ் தடவி வைத்தோம். முதல் டைல்ஸ் வண்டி ஏறியதுமே நொறுங்கியது. பிறகு 3 மி.மீ. இரும்புத் தகடு. ஓட்டுநர் இருக்கையில் என் எடைக்கு ஒரு சிமெண்டு மூட்டை.

வண்டியின் இரண்டு பக்கமும் சக்கர நடு உயரத்தில் நூல் கட்டினோம். பின்சக்கர நடுவிலிருந்து நூல் வரை இரண்டு பக்கமும் ஒரே தூரம், முன்சக்கர நடுவிலிருந்தும் இரண்டு பக்கமும் ஒரே தூரம். இந்த நான்கு அளவும் பொருந்தும் வரை நூலை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் இதற்கே போயிற்று. அவசரப்பட்டால் மற்ற எல்லா அளவும் பொய்.

அலுமினியக் குழாயில் இரண்டு போல்ட் முட்டுக் கொடுத்து, டயரின் பிதுக்கத்தில் படாமல் ரிம் விளிம்பில் மட்டும் படும்படி கட்டினோம். குழாயின் நீளமும் டயரின் விட்டமும் ஒன்று என்பதால், முன்நுனிக்கும் பின்நுனிக்கும் நூலிலிருந்து உள்ள வித்தியாசமே புத்தகத்தில் மில்லிமீட்டரில் போட்டிருக்கும் டோ. ரிம் கோணியிருந்தால் ஏமாற்றிவிடும். அதனால் வண்டியை உருட்டிச் சக்கரத்தை அரைச் சுற்று திருப்பி இன்னொரு முறை அளந்து சராசரி எடுத்தோம். உருட்டும்போது முன்னால்தான் உருட்ட வேண்டும். பின்னால் தள்ளினால் ரப்பர் புஷ் எல்லாம் எதிர்ப்பக்கம் இழுபட்டு நிற்கும்.

ஸ்டியரிங்கை நேராகக் கட்டி வைத்துப் பார்த்த அளவு: வலப்பக்கம் அரை மி.மீ. டோ இன். இடப்பக்கம் 6.5 மி.மீ. டோ அவுட். அலைன்மென்ட் கடைப் பையன் திருப்பிய ஒரு சுற்று அப்படியே நூலில் எழுதியிருந்தது. இரண்டும் சேர்த்து 6 மி.மீ. வெளியே. ஓடும்போது ஸ்டியரிங் சற்றுத் திரும்பி இதை இரண்டு சக்கரமும் ஆளுக்கு 3 மி.மீ. என்று பங்கிட்டுக்கொள்ளும். அதனால்தான் இரண்டு டயரும் சேர்ந்து தேய்ந்தன. 704 மி.மீ.க்கு 3 மி.மீ. என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 4 மீட்டருக்கு மேல் டயர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 9,000 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் 38 கிலோமீட்டர். ஒட்டன்சத்திரத்திலிருந்து திண்டுக்கல்லையும் தாண்டுகிற தூரத்துக்கு டயரைத் தார்ச்சாலையில் குறுக்காகப் போட்டுத் தேய்த்திருக்கிறேன்.

டை ராடு எண்டைக் கழற்றும்போது நட்டை எடுத்துவிட்டு, ஸ்டியரிங் ஆர்மின் வளையத்தில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இரண்டு சுத்தியலால் அடித்தால் வளையத்துக்குள் இறுகியிருக்கும் கூம்பு முனை தானாக விட்டுவிடும். போல்ட் நுனியில் அடித்தால் மரைதான் கெடும். எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, அதே எண்ணிக்கையில் புதிதை ஏற்றினோம். பிறகு ஒவ்வொரு கால் சுற்றாகத் திருப்பி அளந்தோம். என் வண்டியில் கால் சுற்றுக்கு 2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக மாறியது. முழுச் சுற்றுக்கு 7. புத்தகத்தில் மொத்த டோ இன் 0 முதல் 4 மி.மீ. வரை. நடுவில் 2 என்று எடுத்துக்கொண்டு பக்கத்துக்கு 1 மி.மீ. வைத்தோம். லாக் நட்டை இறுக்கும்போது ராடு கூடவே சுழன்று அரை மி.மீ. தின்றுவிட்டது. இன்னொரு ஸ்பானரால் ராடைப் பிடித்துக்கொண்டு இறுக்கினால்தான் அளவு நிற்கிறது.

சக்கரம் மேலே உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவான காம்பரைத் தூக்குக்குண்டு தொங்கவிட்டு ரிம்மின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் அளந்தோம். இரண்டு பக்கமும் 1 மி.மீ. வித்தியாசத்துக்குள் இருந்ததால் அதைத் தொடவில்லை. சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணமான காஸ்டரை நூலும் குண்டும் வைத்து நம்பிக்கையாக அளக்க முடியாது. அது மெஷின் வேலை.

அதனால் மறுநாள் வேறொரு கடைக்குப் போனேன். இந்த முறை "நாலு சக்கரத்துலயும் கிளாம்ப் போடுங்க, திரஸ்ட் ஆங்கிள் பார்க்கணும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பின் அச்சு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்டும் கோணம் அது. மொத்த டோ 0 பாகை 9 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) என்று காட்டியது. எங்கள் 2 மி.மீ. கிட்டத்தட்ட 10 கலை. திரஸ்ட் ஆங்கிள் 3 கலை. அச்சு 12 மி.மீ. தள்ளி நின்றபோது அது 40 கலைக்கு மேல் இருந்திருக்கும். காஸ்டரும் சரியாக இருந்தது. தாளை வாங்கி மடித்து ஆர்.சி. புத்தகத்தோடு வைத்தேன்.

புது டயரோடு பழனி சாலையில் ஏறியதும் ஸ்டியரிங்கின் நடுக்கட்டை நேராக, மேல்நோக்கி நின்றது. ஐந்து மாதமாகக் கோணலாகவே பிடித்துப் பழகிய கை, சும்மா இருந்த ஸ்டியரிங்கை இடப்பக்கம் இழுக்கப் பார்த்தது. அந்தப் பழக்கம் போக இரண்டு நாளானது.

100 கிலோமீட்டரில் யூ போல்ட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்த்தேன். எட்டு நட்டில் மூன்று நட்டுகள் ஆளுக்குக் கால் சுற்று வாங்கின. 500 கிலோமீட்டரில் ஒன்று மட்டும் கொஞ்சம் அசைந்தது. அன்றைக்கே நட்டும் யூ போல்ட்டும் சேருமிடத்தில் வெள்ளைப் பெயிண்டால் குறுக்குக் கோடு போட்டுவைத்தேன். நட்டு அசைந்தால் கோடு விலகும். ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது முதலில் அதைத்தான் பார்க்கிறேன். பிறகு டயரின் மேல் கையை வைத்து இரண்டு பக்கமும் தடவுகிறேன். 4,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இரண்டு பக்கம் தடவினாலும் கையில் ஒரே மாதிரிதான் படுகிறது.